மறுக்கத் தெரிந்த காப்பகம்

தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை ஆகிய காலங்களில் வெளியூர் செல்லும் குடும்பங்கள் தம் நாயையோ பூனையையோ கட்டணம் செலுத்தி ஒப்படைத்துச் செல்லும் காப்பகங்கள், ‘பெட் போர்டிங்’ என்ற பெயரில் சென்னை, கோவை போன்ற நகரங்களில் பெருகியுள்ளன. அவற்றின் தரத்தைக் குளிர்சாதன அறையோ, நீச்சல் குளமோ, நாள்தோறும் அலைபேசிக்கு வந்துசேரும் படங்களோ காட்டிவிடுவதில்லை. எந்த விலங்கை ஏற்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதில் பொறுப்பாளர் காட்டும் கண்டிப்பே முதன்மையான அளவுகோலாகும். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்து, உரிய ஊசிகள் போடப்படாத நாயை, வரவிருந்த கட்டணத்தை இழந்தேனும் மறுத்துவிடும் இடத்தில்தான் மற்ற நாய்களுக்கும் பாதுகாப்பு உண்டு.

நோய்கள் பரவும் விதமே இதற்குக் காரணம். குடலைத் தாக்கி வாந்தியையும் இரத்தம் கலந்த கழிச்சலையும் உண்டாக்கும் பார்வோ வைரஸ், நோயுற்ற நாயின் மலத்தின் வழியே வெளியேறித் தரையிலும் பாத்திரங்களிலும் பல மாதங்கள் அழியாமல் தங்கக்கூடியது; தரை துடைக்கும் வாசனைத் திரவங்கள் பலவற்றுக்கு அது சாவதில்லை, மலத்தை முற்றிலும் அகற்றிய பின் ஊற்றும் பிளீச்சிங் கரைசல் போன்றவற்றுக்கே சாகிறது. எனவே ‘எதைக் கொண்டு கழுவுகிறீர்கள்?’ என்ற கேள்விக்குத் தயக்கமின்றி விடை வருகிறதா என்று பார்ப்பது பயனுடையது. ஊசி போட்ட பின் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், புறப்படுவதற்கு முந்தைய நாள் அவசரமாகப் போடப்படும் ஊசி அட்டையை நிரப்புமேயன்றி நாயைக் காக்காது.

தமிழகத்தின் வெப்பமான சூழலில் பார்வோவுக்கு இணையாக அஞ்சத்தக்கது உண்ணிக் காய்ச்சல். எர்லிகியா என்னும் நுண்ணுயிரி உண்ணிக் கடியின் மூலம் இரத்தத்தில் புகுந்து, வெள்ளையணுக்களில் தங்கி, இரத்தம் உறைவதற்குத் துணைசெய்யும் தட்டணுக்களைக் குறைத்துவிடுகிறது. இதைப் பரப்பும் பழுப்பு நாய் உண்ணி, தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் உடலில் கழிப்பதில்லை. இரத்தம் குடித்தபின் இறங்கிச் சுவரேறி, பூச்சு விட்ட விரிசல்களில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. ஆகவே நாயை மட்டும் குளிப்பாட்டி மருந்திடும் காப்பகம் பாதி வேலையையே செய்கிறது. பார்வையிடச் செல்வோர் வரவேற்பறையைக் காட்டிலும், கூண்டுகளின் பின்சுவரையும் தரை சுவரோடு சேரும் இடத்தையும் நெருங்கிப் பார்க்க வேண்டும். உள்ளே விடுவதற்கு முன் ஒவ்வொரு நாயின் காது மடலையும் விரலிடுக்கையும் விரித்துப் பார்க்கும் ஊழியர், அந்த இடத்தின் பெருமைக்குரியவர்.

வெயிலும் கருதத்தக்கது. உடல் முழுதும் வியர்த்து வெப்பத்தைத் தணித்துக்கொள்ள இயலாத நாய், நாக்கை நீட்டி மூச்சிரைத்தே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அதுவும் சரிவரப் பயன்தருவதில்லை. பக், ஷிட்சு போன்ற குட்டை மூக்கு இனங்களைத் தகரக் கூரையின் கீழ் நண்பகலில் அடைப்பது உயிருக்கே ஆபத்தாகும். மின்சாரம் தடைபட்டால் என்ன ஏற்பாடு என்று கேட்டறிந்துகொள்வது மிகையாகாது. இரவில் அங்கேயே தங்கும் ஆள் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் அடைப்பை உடைத்து ஓட முனைவது பெரும்பாலும் தீபாவளி இரவில்தான். இராசபாளையம், சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்கள் தாழ்ந்த வேலியை எளிதில் தாண்டிவிடும் என்பதால், உயர்ந்த மதிலும், ஒன்று மூடிய பின்னரே மற்றது திறக்கப்படும் இரட்டைக் கதவும் இன்றியமையாதவை.

பூனைக்கு வேண்டியது வேறு. நாய்களின் பார்வையும் குரைப்பும் எட்டாத தனியறையும், ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடமும் அதற்குத் தேவை. அச்சத்தால் சில நாட்கள் உண்ணாமல் கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிர்போகும் நிலைகூட வரலாம். ஆதலால் ஒவ்வொரு வேளையும் எவ்வளவு தின்றது என்று எழுதிவைக்கும் பழக்கம் அங்கு இருக்க வேண்டும்.

விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் எவராயினும் அதன் நலனுக்குரிய நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு விதிக்கும் கடமை. காப்பகத்தாரும் இதற்குள் அடங்குவர். ஆயினும் நள்ளிரவில் நோய் கண்டால் எந்த மருத்துவரிடம் கொண்டுசெல்வது, உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியாதபோது எவ்வளவு செலவு வரை சிகிச்சை அளிக்கலாம் என்பவற்றை எழுத்தில் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதே நடைமுறையில் உதவும்.

உண்ணிக் காய்ச்சலின் அறிகுறிகள் ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்தே தோன்றக்கூடும் என்பதால், வீடு திரும்பிய நாய் உணவை ஒதுக்கினாலோ சோர்ந்து படுத்தாலோ, அது தங்கியிருந்த இடத்தையும் நாட்களையும் மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் உறுதியானால் அன்றே காப்பகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்; அதே கூண்டில் அப்போது வேறொருவரின் நாய் இருக்கும்.