தேதியில்லாக் கட்டுரைகள்

துறைசார் இதழ்களைப் பொழுதுபோக்கிற்காகப் படிப்பவர் அரிது. மும்பையில் 1890-இல் தொடங்கப்பெற்ற ‘இந்தியன் டெக்ஸ்டைல் ஜர்னல்’ ஆயினும், 1947 ஜனவரி முதல் வெளிவரும் ரிசர்வ் வங்கியின் மாத இதழாயினும், அவற்றைப் புரட்டுவோர் மறுநாள் ஏதேனும் ஒரு முடிவெடுக்கவே புரட்டுகின்றனர். ஆகவே இவற்றில் எழுதுவோருக்கும் திருத்துவோருக்கும் பொறுப்பு சற்று மிகுதி. இணையத்திற்கு வந்தபின் அப்பொறுப்பு குறைந்துவிட்டதாகச் சிலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை.

அச்சிதழின் அட்டையிலேயே மாதமும் ஆண்டும் இருக்கும். நாளடைவில் தாளும் பழுப்பேறும். பழைய செய்தி பழையதென்று தானே காட்டிக்கொள்ளும். திரையில் எழுத்து பழுப்பேறுவதில்லை.

வைப்புத்தொகைக் காப்பீட்டையே பாருங்கள். 1962-இல் இத்திட்டம் தொடங்கியபோது வரம்பு 1,500 ரூபாய். 1993 மே முதல் அது 1 லட்சம் ரூபாய். 2020 பிப்ரவரி 4 முதல், அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய். வரம்பு 1 லட்சம் என்று 2018-இல் எழுதிய கட்டுரை அன்று பிழையற்றது. அதே கட்டுரை தேதியின்றி இன்று கைப்பேசியில் கிடைத்தால் என்னாகும்? ஓய்வுபெற்ற ஒருவர் அதை நம்பி, 4 லட்சம் ரூபாய் வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்து, வட்டியை இழந்து, தொகையை நான்கு வங்கிகளுக்குப் பிரித்துவிடக்கூடும். எழுதியவர் மீது குற்றமில்லை. இழப்பு மட்டும் உண்மை.

முன்பு இதழ் அச்சேறியதும் ஆசிரியர் குழுவின் பணி முடிந்தது. இன்று முடிவதில்லை. மூத்த குடிமக்களின் வைப்பு வட்டிக்கு மூலத்தில் வரி பிடிக்கும் வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாக உயர்ந்தது. அந்த ஒரு மாற்றம், சேமிப்பு பற்றிய பழைய கட்டுரைகள் எத்தனையையோ ஒரே நாளில் காலாவதியாக்கியது. பட்ஜெட் வாரத்தில் புதுக்கட்டுரை எழுதுவதற்கு முன், பழையவற்றை எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை என்போம்.

எண்ணை மட்டும் ஓசையின்றி மாற்றிவிடும் வழக்கத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. அச்சில் அடுத்த இதழில் ‘திருத்தம்’ வெளியாகும். ஆசிரியருக்குச் சங்கடந்தான், ஆனால் முன்பு படித்தவருக்கு மாற்றம் தெரியவரும். இணையத்திலும் கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே, மாறியது என்ன, எந்நாளில் என்று எழுதவேண்டும். ‘இது பழைய தகவல்’ என்று போட்டால் பார்வையாளர் எண்ணிக்கை சரியுமே என்பர். சரியட்டும்.

பழைய கட்டுரையை அடியோடு நீக்குவதும் தீர்வன்று. 2018-19 நிதியாண்டின் கணக்கைச் சரிபார்க்க நேரும் ஒருவருக்கு வேண்டியது அன்றைய விதி. அது இணையத்தில் தேதியோடு இருந்தாற்போதும்.