கண்ணோட்டமும் தூக்குமேடையும்

கல்லூரித் தர்க்கச் சங்கங்களிலே ஓயாது எழுந்தமரும் பொருள்களுள் தூக்குத் தண்டனையும் ஒன்று. வேண்டும் என்போர் வள்ளுவரை அழைப்பர். வேண்டா என்போரும் அவரையே அழைப்பர். கொலைஞரை ஒறுத்தலைக் களை பறித்தலோடு ஒப்பிட்டது செங்கோன்மை அதிகாரம். அதற்கு மூன்றதிகாரம் கடந்து கண்ணோட்டம் வருகின்றது. ஆயின், ஆங்கும் தொழிலுக்குக் கேடு வாராமல் இரங்க வல்லாரையே வள்ளுவர் சிறப்பித்தார் என்பதனை இரு கட்சி மாணவரும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அவ்வரையறையையே.

தூக்குமேடை எல்லாரையும் ஒரே கோலால் அளப்பதன்று. இதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. பண்டாரநாயக்கா அரசு 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மரண தண்டனையை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டிலே அப்பிரதம மந்திரியே சுட்டுக் கொல்லப்பட்டார். உடனே அத்தண்டனை மீண்டும் கொணரப்பட்டது. பின் பிறந்த சட்டம் முன் நிகழ்ந்த கொலையையும் பற்றுமாறு இயற்றப்பட்டது. மூவர்க்கு மரணத் தீர்ப்பு விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டிலே, சதிக்குற்றத்தை அச்சட்டம் பற்றவில்லையென்று கண்டு, இருவர் தண்டனையை ஆயுட்சிறையாக்கினர். சுட்டவரான சோமராம தேரர் மாத்திரம் 1962 இல் வெலிக்கடையிலே தூக்கிலிடப்பட்டார். ஏவியவர் பிழைத்தமைக்கும் ஏவப்பட்டவர் மாண்டமைக்கும் இடையே நின்றது அறமன்று. சட்டவாசகத்திலே விடுபட்ட சில சொற்களே. இதனை நினையுந்தோறும் கயிற்றின்மேல் எமக்குள்ள நம்பிக்கை தளர்கின்றது.

1976 இன் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆதலால் விவாதம் கயிற்றை விட்டு எழுதுகோலுக்கு மாறிவிட்டது. 2019 ஆம் ஆண்டிலே அப்போதைய சனாதிபதி போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் மரண ஆணைகளிற் கையொப்பமிட்டார். உயர் நீதிமன்றம் தடுத்தது. அதே ஆண்டு, பதவி நீங்குங் காலத்தில், இளம்பெண்ணொருத்தியைக் கொன்று மரண தண்டனை பெற்ற ஒருவனுக்கு அவரே மன்னிப்பளித்தார். ஒரே கை, ஒரே ஆண்டு! அவருக்குப் பின் வந்தவர் 2021 இல், கொலைக்குற்றம் தீர்க்கப்பட்ட அரசியல்வாதி ஒருவரை விடுவித்தார். இவ்விரு மன்னிப்புக்களும் செல்லாவென உயர் நீதிமன்றம் 2024 இல் தீர்ப்பளித்தமை ஓர் ஆறுதல்.

மிருசுவிலை நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. 2000 ஆம் ஆண்டு மார்கழியிலே தம் வீடு வளவு பார்க்கச் சென்ற எண்மர், அவருள் ஐந்து வயதுக் குழந்தையொன்று. இராணுவச் சார்ஜன்ட் ஒருவருக்கு 2015 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019 இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2020 பங்குனியில் அவர் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து பெற்ற தீர்ப்பு ஐந்து ஆண்டுகள் நிலைக்கவில்லை. ‘தூக்கியிருந்தால் இவ்விழிவு வந்திராதே’ என்று அக்காலத்திற் பலர் கொதித்தனர். அக்கொதிப்பு எமக்கு விளங்காததன்று. எனினும், யாம் அதனோடு உடன்படோம். அவர் உயிரை அம்மக்கள் வேண்டிநின்றனர் என்று கொள்வதற்கில்லை. குற்றம் குற்றமாகவே நிலைக்கவேண்டும் என்பதே அவர்தம் வழக்கு. ஆயுள் முழுதுஞ் சிறையென்று தண்டனையை மாற்றியிருந்தால் அது கண்ணோட்டம். வாயிலைத் திறந்து வீட்டுக்கு அனுப்பியதோ, வேண்டியவர்க்குச் செய்த சலுகை.

அரசியலமைப்பின் 34 ஆம் உறுப்புரை வழியொன்றை வகுத்தே இருக்கின்றது. மரண தண்டனை பெற்றவரை மன்னிக்குமுன் விளங்கிய நீதிபதியின் அறிக்கையைப் பெறல் வேண்டும். அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்குச் சென்று, நீதி அமைச்சரின் விதப்புரையோடு சனாதிபதியை அடைதல் வேண்டும். இறந்தவரின் உறவினர்க்கு இவ்வரிசையில் இடமில்லை. அவரையும் கேட்டல் வேண்டும். மூவர் கூறியவற்றையும் மன்னிப்புக் கட்டளையோடு ஒருங்கே அச்சிட்டு வெளியிடல் வேண்டும். எழுத நாணுங் காரணத்தைக் கொண்டு எவரையும் விடுவிக்க அப்பொழுது கை சற்றே தயங்கும். இவ்விதியைச் சட்டமாக்கச் சட்டம் பயின்ற எம் பழைய மாணவர் முன்வருவாராக.