உள்ளே விட்டதே பெரிய விஷயம்!

மெக்சிகோவில் வஹாகா மாநிலத்து மலைமேல் இருக்கிறது வாவுட்லா. மசதெக் பழங்குடிகளின் ஊர். அங்கே நோயாளிக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்து, ஒருவகைக் காளானைத் தின்று, பாடி வேண்டுவார்கள். அவர்களுக்கு அது வைத்தியம், வழிபாடு இரண்டும்தான்.

1955-ல் கார்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கி அதிகாரி அங்கே போனார். மகனைப் பற்றிக் கவலை என்று சாக்குச் சொல்லி, மரியா சபினா என்ற வைத்தியப் பெண்மணி நடத்திய சடங்கில் உட்கார்ந்தார். 1957-ல் 'லைஃப்' பத்திரிகையில் எல்லாவற்றையும் எழுதினார். மரியாவின் பெயரை மாற்றித்தான் எழுதினார். என்ன பயன்? 1960-களில் ஹிப்பிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். பின்னாலேயே போலீஸ். ஊர்க்கோபம் மரியா மேல் திரும்பியது, வீடு கொளுத்தப்பட்டது. 1985-ல் வறுமையிலேயே இறந்தார்.

அப்படியானால் இந்த மாதிரி ஊர்களுக்கு யாருமே போகக்கூடாதா? தாராளமாகப் போகலாம். சந்தையைச் சுற்றலாம், மலையில் விளைந்த காப்பியைக் குடிக்கலாம். ஆனால் ஒன்று... வீட்டுக்குள் விட்டார்கள் என்பதற்காக, பார்த்ததையெல்லாம் ஊருக்குச் சொல்ல உரிமை வந்துவிடாது. கதை எழுதியவருக்குப் புகழ். கதவைத் திறந்தவருக்குச் சாம்பல். கேமராவை எடுக்கும் முன் இதை யோசித்தால் போதும்.