வாயில்லா ஜீவன்களா?

“வாயில்லா ஜீவன்” என்பதாக ஒரு வார்த்தை நம் நாட்டில் வெகு காலமாய் வழங்கி வருகின்றது. மாட்டைச் சொல்லுவோம், ஆட்டைச் சொல்லுவோம், கழுதையைச் சொல்லுவோம். அடித்தால் திருப்பி வையாது, கோர்ட்டில் ஏறி வழக்காடாது என்கின்ற தைரியத்தில் அந்தப் பெயரை வைத்தோமே அல்லாமல், உண்மையில் அதற்கு வாய் உண்டா இல்லையா என்று விசாரித்து வைத்த பெயரல்ல அது. நமக்கு விளங்காத பேச்சை எல்லாம் பேச்சே அல்ல என்று தள்ளிவிடுவது மனிதனுக்கு ஒரு வழக்கமாகவே போய்விட்டது. அப்படித் தள்ளப்பட்டவைகளில் எல்லாம் மிகப் பெரியது திமிங்கிலம்.

திமிங்கிலம் மீனல்ல. குட்டி போட்டுப் பால் கொடுத்து, மேலே வந்து மூச்சு விடுகின்ற பிராணி. அது வாழுகின்ற இடமோ பெரும்பாலும் இருட்டு. கடலில் இருநூறு மீட்டர் ஆழத்திற்குக் கீழே வெயில் அநேகமாய் எட்டுவதில்லை. மேல்மட்டத்திலுங்கூட, கலங்கிய நீரில் பத்து முழத்திற்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஓசைக்கு அங்கே தடையில்லை. 1826-ம் வருஷத்திலேயே ஜெனிவா ஏரியில் இரண்டு பேர் நீருக்குள் ஒரு மணியை அடித்து, பதின்மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நீருக்குள் குழாய் வைத்துக் கேட்டு, ஓசை தண்ணீரில் எவ்வளவு வேகமாய்ப் போகின்றது என்று கணக்குப் பார்த்திருக்கின்றார்கள். காற்றில் வினாடிக்கு சுமார் 340 மீட்டர் செல்லுகின்ற ஓசை, கடலில் சுமார் 1,500 மீட்டர் செல்லுகின்றது. ஆகவே நமக்குக் கண் எப்படியோ அப்படி அவைகளுக்குக் காது. இரை தேடுவது, துணை தேடுவது, குட்டியைக் கூப்பிடுவது, வழி தெரிந்துகொள்ளுவது எல்லாம் ஓசையைக் கொண்டேதான் நடக்கின்றன. இவ்வளவும் தெரியாமல், கடலைப் பற்றி நன்றாய் அறிந்தவரென்று பேர்பெற்ற ழாக் கூஸ்தோ என்னும் பிரெஞ்சுக்காரரே தமது புத்தகத்திற்கு “மௌன உலகம்” என்று பெயர் வைத்தார் என்றால், மற்றவர்களைச் சொல்லுவானேன்?

பெரிய திமிங்கிலங்களின் குரல் மிகவும் தணிந்த குரல். நமது காது கேட்கக்கூடிய எல்லைக்கு ஓரமாகவோ அல்லது அதற்கும் கீழாகவோ இருப்பது. அப்படிப்பட்ட தணிந்த ஓசைதான் கடலில் நெடுந்தூரம் கரையாமல் போகும். 1971-ல் ரோஜர் பெய்ன், டக்லஸ் வெப் என்னும் இருவர் கணக்கிட்டுச் சொன்னதாவது: யந்திரக் கப்பல்கள் வருவதற்கு முந்திய கடலில் ஒருவகைத் திமிங்கிலத்தின் குரல் நூற்றுக்கணக்கான மைல்கள், சில இடங்களில் அதற்கு மேலும் கேட்டிருக்கக்கூடும் என்பதாகும். கன்னியாகுமரியிலிருந்து ஒருவன் கூப்பிட்டால் சென்னையில் இருப்பவன் ‘என்ன?’ என்று கேட்கத்தக்க நிலைமை அவைகளுக்கு இருந்தது. தந்தியும் டெலிபோனும் கண்டுபிடித்த நாம்தான் அதை அறுத்தெறிந்தோம்.

நிற்க, எப்படி அறுத்தோம் என்பதைப் பார்ப்போம். கப்பலின் பின்புறத்தில் அதைத் தள்ளுகின்ற சுழல்விசிறி வேகமாய்ச் சுற்றும்போது, அதன் அலகுகளில் நீர் கிழிபட்டு எண்ணிறந்த குமிழிகள் உண்டாகி உடைகின்றன. கப்பலிலிருந்து வரும் பெருஞ்சத்தத்தில் பெரும்பாகம் இந்தக் குமிழிகள் உடைகின்ற சத்தமேயாகும். அந்தச் சத்தமும் தணிந்த சத்தம்; திமிங்கிலம் பேசுகின்ற அதே ஸ்தாயி. கலிபோர்னியா கரைக்கு அப்பால் சான் நிக்கலாஸ் தீவுக்கருகில் 1964 முதல் 1966 வரையில் அளந்த கடல் இரைச்சலையும், அதே இடத்தில் 2003, 2004-ல் அளந்ததையும் ஒத்திட்டுப் பார்த்ததில், 10 முதல் 12 டெசிபல் வரை ஏறியிருந்தது. பத்து டெசிபல் என்றால் ஏதோ பத்து பைசா ஏறினது போலென்று எண்ணிவிடக்கூடாது. அந்தக் கணக்கில் பத்து ஏறினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு என்று அர்த்தம். நாற்பது வருஷத்தில் பத்து மடங்கு!

ஊர்த் திருவிழாவில் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி கட்டி அலறவிட்டிருக்கும்போது (நமது கூட்டங்களும் இதற்கு விலக்கல்லவென்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம்) கூட்டத்தில் குழந்தையைத் தவறவிட்ட தாய் என்ன செய்வாள்? முதலில் உரக்கக் கத்துவாள். அதுவும் எடுபடாவிட்டால் குரலைக் கீச்சென்று உயர்த்திக் கூப்பிடுவாள். கடலிலும் இதுவேதான் நடக்கின்றது. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ஓர்க்கா என்னும் இனம், படகு இரைச்சல் ஒரு டெசிபல் ஏறினால் தன் குரலையும் ஒரு டெசிபல் ஏற்றிக் கத்துகின்றது என்று 2009-ல் அளந்து சொல்லியிருக்கின்றார்கள். அட்லாண்டிக் கடலின் மேற்கே உள்ள ஒரு திமிங்கில இனம் பல வருஷங்களில் தன் குரலின் ஸ்தாயியையே உயர்த்திக்கொண்டுவிட்டது. இதற்கு ஆங்கிலத்தில் ‘ரைட் வேல்’ என்று பெயர். அதாவது, மெதுவாய் நீந்தும், செத்தால் மிதக்கும், ஆகையால் கொல்லுவதற்கு “ஏற்ற திமிங்கிலம்” என்று வேட்டைக்காரன் வைத்த பெயர். பெயர் வைப்பதிலேயே மனிதனுடைய யோக்கியதை தெரிகின்றதல்லவா? வேட்டையில் அழிந்தவை போக இன்று அவ்வினத்தில் நானூறு கூட மிச்சமில்லை.

இவைகளாவது கத்திப் பார்க்கின்றன. கத்தவும் கூடாத ஒருத்தி உண்டு. அவள்தான் புதிதாய்க் குட்டி ஈன்ற தாய். இந்த இனத்துத் தாய், குட்டி சிறியதாயிருக்கும் வரையில் உரக்கக் கூப்பிடுவதில்லை. மிகவும் மெல்லிய குரலில் முனகிக் குசுகுசுவென்று பேசுகின்றது என்று 2019-ல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகின்றது. உரக்கக் கூப்பிட்டால் குட்டியைக் கொல்லக் காத்திருக்கும் ஓர்க்காவுக்கும் சுறாவுக்கும் இடம் தெரிந்துவிடும். மெதுவாய்ப் பேசினாலோ கப்பல் இரைச்சலில் குட்டிக்குக் கேட்காது. இந்தத் தாய் எதைத்தான் செய்வது?

“சத்தம் அதிகமாகியிருக்கலாம், அதனால் அவைகளுக்குத் துன்பமென்று எப்படிச் சொல்லக்கூடும்? திமிங்கிலம் உங்களிடம் வந்து சொல்லிற்றா?” என்று கேட்கின்ற கனவான்கள் இருக்கின்றார்கள். இது யோக்கியமான கேள்வி என்பதே நமது அபிப்பிராயம். எந்த விஷயத்திலும் ருஜு கேட்பவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். ருஜு இதோ இருக்கின்றது.

கனடா தேசத்துக் கிழக்குக் கரையில் ஃபண்டி வளைகுடா என்று ஒன்று உண்டு. மேலே சொன்ன “ஏற்ற திமிங்கிலங்கள்” கோடைகாலத்தில் இரை தேடி அங்கே கூடி வந்தன. 2001-ல் அந்த வளைகுடாவில் இரண்டு கூட்டத்தார் தனித்தனியே வேலை செய்துகொண்டிருந்தார்கள். சூசன் பார்க்ஸ் என்னும் அம்மையார் நீருக்குள் கருவி இறக்கித் திமிங்கிலங்களின் குரலைப் பதிவு செய்துகொண்டிருந்தார். ராசலிண்ட் ரோலண்ட் என்னும் அம்மையாரின் கூட்டத்தாரோ கடலில் மிதக்கின்ற திமிங்கிலச் சாணத்தை வலைபோட்டு அள்ளிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. யானையைவிடப் பல மடங்கு பெரிய பிராணியைப் பிடித்துக் கட்டி ஊசி குத்தி இரத்தம் எடுக்க முடியுமா? பயமும் உளைச்சலும் ஏற்பட்டால் உடம்பில் ஊறுகின்ற ஒருவகை ஹார்மோன் அந்தச் சாணத்தில் வெளிப்பட்டுவிடும். அது எவ்வளவு என்று அளந்தால் பிராணியின் நிலை தெரிந்துபோகும்.

அந்த வருஷம் செப்டம்பர் மாதம் 11-ந் தேதி நியூயார்க் நகரத்துக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. அதையொட்டிச் சில நாள் வரையில் அந்தப் பக்கத்துக் கடலில் கப்பல் போக்குவரத்து வெகுவாய்க் குறைந்துபோயிற்று. வளைகுடாவில் இரைச்சல் 6 டெசிபல் இறங்கிற்று. அதாவது சத்தத்தின் சக்தி நான்கில் ஒரு பங்காயிற்று. அந்த நாட்களில் அள்ளிய சாணத்தில் உளைச்சலின் அடையாளமான ஹார்மோனும் இறங்கியிருந்தது. அதற்கடுத்த நான்கு வருஷங்களிலும் அதே பருவத்தில் எடுத்த சாணத்தோடு ஒத்திட்டுப் பார்த்தபோது, கப்பல்கள் வழக்கம்போல் ஓடின அவ்வருஷங்களில் அந்த இறக்கம் காணப்படவில்லை. இரு கூட்டத்தாரும் தங்கள் கணக்குகளைச் சேர்த்து 2012-ல் வெளியிட்டார்கள்.

இதை யோசித்துப் பாருங்கள். யாரும் வேண்டுமென்று செய்த பரீட்சையல்ல இது. இவ்வளவு பெரிய கடலில் கப்பல்களையெல்லாம் நிறுத்தி வைத்துப் பரீட்சை செய்ய எந்த சர்க்கார் சம்மதிக்கும்? மனிதர்களுக்குப் பெரிய துக்கம் நேர்ந்த வாரத்தில், அந்தப் பிராணிகளுக்கு முதல்தடவையாகச் சற்று மூச்சு விட நேரம் கிடைத்தது. அது கிடைத்ததென்று அவைகளின் உடம்பே சாட்சி சொல்லிற்று. ‘திமிங்கிலம் வந்து சொல்லிற்றா’ என்று கேட்ட கனவான்களுக்கு இதைவிட வேறு என்ன வாக்குமூலம் வேண்டும் என்று கேட்கின்றோம்.

இன்னும் கொடியது யுத்தக் கப்பல்களின் ‘சோனார்’ என்னும் கருவியாகும். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க நீருக்குள் பெருஞ்சத்தம் எழுப்பி எதிரொலி கேட்பது அதன் வேலை. 2000-ம் வருஷம் மார்ச்சு மாதம் பஹாமாஸ் தீவுகளில் அமெரிக்கக் கடற்படை பயிற்சி நடத்தினபோது, ஏறக்குறைய ஒன்றரை நாளைக்குள் பதினேழு பிராணிகள் கரையில் வந்து விழுந்தன. அலகுத் திமிங்கிலம் என்னும் ஆழத்தில் மூழ்கும் இனமே அதில் பெரும்பாலும். அறுத்துப் பார்த்ததில் காதைச் சுற்றி இரத்தம் கசிந்திருந்தது. தங்கள் சோனாரே அதற்குக் காரணமாயிருக்க வேண்டுமென்று அந்தக் கடற்படையும் சேர்ந்தே 2001-ம் வருஷக் கடைசியில் அறிக்கை விட வேண்டியதாயிற்று. 2002-ல் கானரித் தீவுகளிலும் ஒரு கடற்படைப் பயிற்சியின்போது பதினான்கு அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. ஸ்பெயின் சர்க்கார் 2004-ல் அத்தீவுகளைச் சுற்றி சோனாரைத் தடை செய்தது. அதற்குப்பின் பல வருஷங்கள் அங்கே அவ்விதம் கூட்டமாய் ஒதுங்கிச் சாவது நின்றுபோயிற்று.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும. திமிங்கிலம் கரை ஒதுங்கினாலே சத்தந்தான் காரணம் என்று சாதிப்பதும் மூடநம்பிக்கையில் சேர்ந்ததே ஆகும். நமது மணப்பாட்டுக் கரையில் 1973-லும் 2016-லும் கூட்டங்கூட்டமாய்த் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அதைத் தெய்வ கோபம் என்று சொல்ல எவ்வளவு ஆதாரமில்லையோ, அவ்வளவு ஆதாரமில்லை அதைக் கப்பல் சத்தத்தின் தலையில் சுமத்தவும். ருஜுவான இடத்தில் மாத்திரம் நாம் குற்றஞ்சாட்டுகின்றோம்.

“அப்படியானால் கப்பலே வேண்டாமென்கின்றீர்களா? கட்டுமரத்தில்தான் அரிசி கொண்டுவர வேண்டுமா?” என்று சிலர் ஆத்திரப்படுவார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. யந்திரத்தை வேண்டாமென்பது நமது கொள்கையுமல்ல. ஆனால் சரக்கை இழுப்பது யந்திரமே தவிர, சத்தமல்ல. குமிழி உண்டாக்குகின்ற விசிறி, தான் தின்கின்ற எண்ணெயில் ஒரு பாகத்தை வீணாக்குகின்ற விசிறியாகும். ஒரு பெரிய கம்பெனியார் எண்ணெய்ச் செலவைக் குறைக்க வேண்டித் தங்கள் கப்பல்களுக்கு விசிறியையும் முன்மூக்கையும் மாற்றினார்கள். கலிபோர்னியா கரையில் அளந்து பார்த்தபோது சத்தமும் குறைந்திருந்தது. வேகத்தைக் குறைத்தாலும் பெரும்பாலான கப்பல்களில் சத்தம் குறையும். கனடாவில் வான்கூவர் துறைமுகத்தார் 2017 முதற்கொண்டு ஓர்க்காக்கள் கூடும் ஜலசந்தியில் மெதுவாய்ப் போகும்படி கப்பல்களைக் கேட்டுக்கொள்ளுகின்றார்கள். பெரும்பான்மையோர் கேட்டு நடக்கின்றார்கள். அந்தக் குறிப்பிட்ட ஓர்க்காக் கூட்டத்தில் எண்பதுகூட இல்லை.

ஆகவே மருந்து இல்லாத வியாதியல்ல இது. மருந்து தெரிந்தும் கொடுக்க மனமில்லாத வியாதி. ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த சர்வதேசக் கடல் ஸ்தாபனம் 2014-ல் சத்தத்தைக் குறைக்க வழிகாட்டி விதிகள் வெளியிட்டது. 2023-ல் அவைகளைத் திருத்தியும் வெளியிட்டது. ஆனால் இரண்டு தடவையும் ‘இஷ்டமிருந்தால் செய்யலாம்’ என்றுதான் எழுதிற்று. மதுவிலக்கைச் சாராயக் கடைக்காரருடைய இஷ்டத்திற்கு விட்டால் எத்தனை கடை மூடும்? கடலில் எண்ணெய் கொட்டினால் அபராதம் உண்டு, குப்பை கொட்டினால் அபராதம் உண்டு. சத்தம் கொட்டினால் மாத்திரம் வேண்டுகோள்!

இதெல்லாம் எங்கோ அட்லாண்டிக்கில் நடப்பதுதானே என்று யாரும் இருந்துவிட வேண்டாம். கங்கை நதியில் ஒருவகை ஓங்கில் இருக்கின்றது. அதற்குக் கண் அநேகமாய்க் கிடையாது. கலங்கிய ஆற்றில் ஓசை எழுப்பி எதிரொலி கேட்டே வழியும் இரையும் காணுகின்றது. 2009-ல் இந்திய சர்க்கார் அதைத் தேசிய நீர்ப்பிராணி என்று பட்டம் கட்டி வைத்தார்கள். அலகாபாத்திலிருந்து ஹால்டியா வரை 1,620 கிலோமீட்டருக்கு அதே ஆறு தேசிய நீர்வழியுமாகும். கப்பல் சத்தமும், கோடையில் வற்றிய ஆழமும் சேர்ந்தால் அப்பிராணியின் ஓசை மாறி, உடம்பின் பாடும் அதிகமாகின்றது என்று 2019-ல் வெளிவந்த ஆராய்ச்சி சொல்லுகின்றது. ஆற்றைத் தாயென்று கும்பிட்டுத் தீபம் காட்டுகின்றவர்கள், அந்தத் தாயின் மடியில் கண்ணில்லாமல் காதால் பிழைக்கின்ற ஒன்றுக்குக் காதும் இல்லாமல் செய்வதைப் பற்றி வாய் திறக்கக் காணோம். பட்டம் கட்டின சர்க்காரே ஓங்கில் கூடுகின்ற மடுக்களில் கோடைகாலத்தில் கப்பலுக்கு இத்தனை வேகந்தான் என்று ஒரு சட்டம் செய்யட்டும். மீறினால் இவ்வளவு அபராதமென்றும் அதிலேயே எழுதட்டும்.