இலை உதிர்ந்தபோது யாரைக் கேட்டார்கள்?

என் அப்பா ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டு. அது முடிந்ததும் நெற்றி விளக்கோடு நிரையில் இறங்குவார். எந்த மரத்தில் பால் வற்றியது, எந்த மரத்தின் பட்டை அழுகுகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில் ஒரு முறைகூட, "மரத்துக்கு என்ன ஆயிற்று?" என்று மேலிடத்திலிருந்து யாரும் அவரைக் கேட்டதில்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த சமயம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்ப்பது இயல்பு. உதிர்ந்த பின் செந்நிறத் தளிர் விடும். அந்த ஆண்டு தளிரின்மேல் மாவைத் தூவியது போல வெள்ளை படிந்தது. அப்பா தண்டலிடம் போய்ச் சொன்னார். "உன் வேலை மரம் வெட்டுறது. மேல என்னத்துக்குப் பார்க்கிற?" என்பதே கிடைத்த பதில். கந்தக மூட்டைகள் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. தளிர் இரண்டு முறை கொட்டி முடிந்திருந்தது. தூள் இயந்திரத்தில் கந்தகம் கொட்டும் வேலைக்கு அம்மாவை அனுப்பினார்கள். மூக்கை மறைக்கச் சேலைத் தலைப்புதான். மாலையில் சிவந்த கண்களோடு வீடு திரும்புவார். அந்த ஆண்டு பால் குறைந்தது. எடைக்கு ஏற்பக் கிடைக்கும் சம்பளமும் குறைந்தது. எனக்குப் புதுக் காலணி வாங்குவது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

பல்கலைக்கழகத்துக்கு வந்து தாவர நோயியல் படித்த பிறகுதான் அதன் காரணம் எனக்குப் புரிந்தது. அந்த வெள்ளைப் பூஞ்சையின் பெயர் ஓய்டியம். அது தாக்குவது இளந்தளிரை. இலை முற்றிக் கரும்பச்சை ஆகிவிட்டால் அதனால் பெரிய கேடு செய்ய முடியாது. ஆகவே தளிர் விரியத் தொடங்கும்போதே கந்தகம் தூவ வேண்டும். இலை முற்றும் வரை சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் தூவ வேண்டும். காற்று அடங்கிய விடியற்காலையே அதற்கு ஏற்ற நேரம். மழை பெய்தால் தூள் கழுவப்பட்டுவிடும். மூன்று வாரம் கழித்துத் தூவிய கந்தகம் நோயைத் தீர்க்கவில்லை. தோட்டத்தின் பணத்தையும் அம்மாவின் கண்ணையும்தான் கரைத்தது.

நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்துத்தான் மருத்துவன் செயல்பட வேண்டும் என்கிறார் திருவள்ளுவர். மனிதனுக்குச் சொன்னது மரத்துக்கும் பொருந்தும். இம்மூன்றையும் முதலில் அறிபவர் யார்? அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவரா, அன்றாடம் மரத்தடியில் நிற்பவரா?

காலம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு நம் இனத்தின் வரலாறே சாட்சி. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தென்பட்டது. நோயை முறையாக ஆராய ஆரி மார்ஷல் வார்ட் என்ற அறிஞர் அங்கே போய்ச் சேர்ந்தது 1880இல். சுண்ணாம்பும் மயில்துத்தமும் கலந்த போர்டோ கலவை பிரான்சில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1885இல். அதற்குள் இலங்கைக் காப்பி வீழ்ந்துவிட்டது. தோட்ட முதலாளிகள் தேயிலைக்கு மாறினார்கள். வேலையிழந்து தவித்தவர்கள் தமிழகத்திலிருந்து கப்பலேறிச் சென்ற தொழிலாளர்கள்.

நம் மலாக்காவுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அதுவே என்பார்கள். பின்னர் புக்கிட் அசகானிலும் அவர் பெரிய அளவில் பயிரிட்டார். மலாயாவின் தொடக்கக்கால ரப்பர் மரங்கள் பெரும்பாலும் 1877இல் சிங்கப்பூருக்கு வந்த சில நாற்றுகளின் வழித்தோன்றல்கள். ஒரே குடும்பத்து மரங்கள் நிரை நிரையாக நிற்கும்போது, ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்குவது எளிது.

இன்று புதிய நோய் ஒன்று வந்திருக்கிறது. பெஸ்தலோசியோப்சிஸ் என்னும் பூஞ்சையோடு தொடர்புடைய இலையுதிர்வு நோய் அது. 2016இல் வட சுமத்திராவிலும் 2017இல் மலேசியாவிலும் கண்டறியப்பட்டது. ஓய்டியம் தளிரைத் தாக்கும்; இதுவோ முற்றிய இலையைத் தாக்குகிறது. இலையில் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும்; இலை உதிர்வும் ஆண்டுக்கு ஒரு முறையோடு நிற்பதில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் பால் நாலில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைந்திருக்கிறது.

தோட்டம் செம்பனைக்கு மாறிய பின் அப்பா ஐந்து ஏக்கர் ரப்பர் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், உதிரும் காலமல்லாத ஒரு மாதத்தில், புள்ளி விழுந்த இலைகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து என் முன் வைத்தார். "மருந்து அடிக்கலாமாப்பா?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. மரத்தின் உச்சிக்கு மருந்து எட்ட வேண்டுமானால் விசைத்தெளிப்பான் வேண்டும், அல்லது டிரோன் வேண்டும். எக்சகோனசோல் போன்ற மருந்தை ஒரு முறை அடித்தால் போதாது. கட்டிப்பால் விலை தாழ்ந்திருந்த காலத்தில் ஐந்து ஏக்கர்காரர் அந்தச் செலவைத் தாங்குவாரா? பக்கத்து நிலத்துக்காரர் அடிக்காவிட்டால் காற்று பூஞ்சையை மீண்டும் கொண்டுவந்துவிடுமே? கடைசியில் நாங்கள் உரம் போட்டோம். சீவும் நாள்களைக் குறைத்து மரத்துக்கு ஓய்வு கொடுத்தோம். மருந்து பற்றி அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து பேசத் தொடங்கினோம்.

மருந்தே கூடாது என்பது என் கட்சியன்று. உரிய நேரத்தில், உரிய அளவில் அடித்த மருந்து அறுவடையைக் காக்கும். ஆனால் அடிப்பவரின் உடலையும் காக்க வேண்டும். பராகுவாட் களைக்கொல்லியின் கதையை மறக்கலாமா? தோட்டங்களில் மருந்தடித்த பெண்களின் துயரை ஐரின் பெர்னாண்டசின் தெனாகனித்தா அமைப்பு வெளிக்கொணர்ந்தது. 2002இல் வந்த தடை 2006இல் தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரியில்தான் வந்தது. மருந்தைப் பற்றிய முடிவில் அதைத் தூக்கிச் சுமந்த பெண்களின் குரல் கேட்க எத்தனை ஆண்டுகள் பிடித்தன, பாருங்கள்!

"இப்போது தோட்டத்தில் தமிழர் எங்கே இருக்கிறார்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். இன்று மரம் சீவுவோரில் பலர் அயல்நாட்டவர் என்பது உண்மைதான். ஆனால் இந்நாட்டு ரப்பரின் மிகப் பெரும்பகுதி சிறுதோட்டங்களிலிருந்து வருகிறது. அங்கே நம்மவரும் இருக்கிறார்கள். அதோடு, அன்று அப்பாவைக் கேட்காததை அநீதி என்று சொல்லும் நாம், இன்று வங்காளதேசத் தொழிலாளியைக் கேட்காமல் இருப்பதை எப்படி நியாயப்படுத்துவோம்?

நம் பேரவை ஆண்டுதோறும் கலைவிழா நடத்துகிறது. சிறுகதைப் போட்டி நடத்துகிறது. வேண்டியவைதாம். அவற்றோடு அறிவியல் படிக்கும் மாணவர்கள் ஒரு விடுமுறையில் ஜாசினுக்கோ அலோர் காஜாவுக்கோ சென்று, இலைநோய்களை அடையாளம் காண்பது எப்படி, எப்போது மருந்தடிப்பது, எப்போது அடிக்காமல் விடுவது, என்ன பாதுகாப்பு அணிவது என்பதை எளிய தமிழில் படங்களோடு விளக்கினால் என்ன? நான்கு பக்கக் கையேடு போதும். அதை எழுதுமுன் மரத்தடியில் நிற்பவரிடம் முதலில் கேளுங்கள். அப்பாவுக்குத் தெரிந்த பாதி என் பாடநூலில் இல்லை. என் பாடநூலில் இருந்த பாதி அப்பாவுக்கு எட்டவில்லை. இரண்டையும் சேர்க்கும் வேலை நம்முடையது.