ஜெர்மனிக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளுக்கு

அன்புள்ள குமரி மாவட்டத்து உறவுகளுக்கு,

நாகர்கோவிலில் நர்சிங் படித்தவள் நான். இப்போது ஷ்டுட்கார்ட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வார்டில் வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் எனக்கு உண்டு. ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் கடைசியில் ஒரே கேள்விதான் வருகிறது: "எக்கா, பி2 எத்தன மாசத்துல முடிக்கலாம்?" இதுவரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இப்போது எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் மாதக் கணக்கு. ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு மொழித்திறன் படிகளை ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்டது. ஜெர்மன் மொழியைச் சுழியிலிருந்து தொடங்கும் ஒருவர் பி2 தேர்வுக்குத் தயாராக 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை வேண்டும் என்று கோதே நிறுவனம் சொல்கிறது. ஒரு நாளைக்கு நான்கு பாடவேளை, வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் 30 முதல் 40 வாரம் ஆகும். இது வகுப்பு மட்டும். வீட்டில் உட்கார்ந்து படிப்பது தனி. "நாலே மாதத்தில் பி2" என்று யாராவது போர்டு வைத்திருந்தால், மொத்தம் எத்தனை பாடவேளை என்று நேராகக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

யாருக்கு எந்தப் படி என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு இங்கே மூன்று வருட நர்சிங் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு விசாவுக்குப் பொதுவாக பி1 போதும். ஆனால் பல பயிற்சிப் பள்ளிகள் பி2 கேட்கின்றன. பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ முடித்தவர்கள் தங்கள் படிப்புக்கு இங்கே அங்கீகாரம் வாங்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பி2 தேவை. அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளர் வேலையும் உதவியாளர் சம்பளமும்தான். ஊரில் ஐ.சி.யூ.வில் இருந்த பிள்ளைகள் இந்த இடைக்காலத்தில் மனம் உடைந்து போவதைப் பார்க்கிறேன். இதை முன்கூட்டியே யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இனி எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம்ம பக்கத்துப் பிள்ளை ஒருத்தி பி2வில் நல்ல மதிப்பெண்ணோடு வந்தாள். கை அவ்வளவு சுத்தம், நோயாளிகளிடம் அவ்வளவு பரிவு. ஆனால் வார்டில் டெலிபோன் அடித்தால் அந்த இடத்தில் இருக்க மாட்டாள். லேபிலிருந்து பொட்டாசியம் அளவை வேகமாகச் சொல்வார்கள். போனில் பேசுபவரின் முகமும் தெரியாது, உதடும் தெரியாது. காலை ஆறு மணிக்கு இரவு ஷிப்ட் நர்ஸ் ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது பாதி வார்த்தை சுருக்கச் சொல்லாகத்தான் இருக்கும். எண்பது வயதுப் பாட்டி பேசுவது ஷ்டுட்கார்ட் பகுதியின் ஸ்வாபிய வட்டார வழக்கு. தேர்வு ஒலிப்பதிவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பயிற்சி மையத்தில் அவளுக்குக் கொடுத்ததெல்லாம் மனப்பாடம் செய்த மாதிரிக் கடிதங்கள், சுற்றுச்சூழல் பற்றியும் இணையத்தில் பொருள் வாங்குவது பற்றியும் எழுதிவைத்த கருத்துகள். நெஞ்சு வலி என்று ஒருவர் சொன்னால் அது குத்துகிறதா, எரிகிறதா, அழுத்துகிறதா, கைக்குப் பரவுகிறதா என்று அடுத்தடுத்துக் கேட்க அவளை யாரும் பழக்கவில்லை.

இதையெல்லாம் இங்கே வந்து பழகிக்கொள்ளவும் அவகாசம் குறைவு: நர்சிங் பயிற்சியில் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் முன்னறிவிப்பில்லாமலே ஒப்பந்தத்தை முடித்துவிட முடியும். தங்கும் அனுமதியும் அந்த ஒப்பந்தத்தையே நம்பியிருக்கிறது. வீட்டில் நகையை அடகு வைத்து அனுப்பிய பிள்ளைக்கு அந்த ஆறு மாதம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதற்காக அளவுகோலைக் குறைக்கச் சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். இரவில் முப்பது நோயாளிகளுக்கு இரண்டே பேர் நிற்கும் வார்டில், மூச்சு முட்டுகிறது என்று ஒருவர் சொல்வது புரிந்தே ஆகவேண்டும். பி2 என்ற படியின் விளக்கத்தைப் படித்தால், ஜெர்மன்காரர்களோடு இரு தரப்புக்கும் சிரமமில்லாமல் இயல்பாகப் பேசும் திறனைத்தான் அது கேட்கிறது. அது நியாயமான கேள்வி. தேர்வில் 60 மதிப்பெண் எடுக்கும் வித்தையை மட்டும் சொல்லிக்கொடுத்து, அந்தத் திறனை விட்டுவிடுவதுதான் தவறு.

ஜெர்மானியர்கள் தங்கள் பிள்ளைகளின் அந்நிய மொழியை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பாருங்கள். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கென்று மாநிலக் கல்வி அமைச்சர்கள் 1998இல் ஒரு மொழிச் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். ஓட்டல் வேலை படிக்கிறவனுக்கு ஓட்டல் ஆங்கிலம், இயந்திர வேலைக்காரனுக்கு அந்தத் துறையின் ஆங்கிலம், பராமரிப்புத் துறைக்கு அதற்குரியது. கேட்டுப் படித்துப் புரிந்துகொள்வது, எழுதுவது, உரையாடுவது ஆகியவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சோதிக்கிறார்கள்: ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது. நர்ஸ் வேலையில் பாதி அதுதான். டாக்டர் ரவுண்ட்ஸில் சொல்லிவிட்டுப் போனதை நோயாளிக்கும், நோயாளி சொன்னதை டாக்டருக்கும், இரண்டையும் நோயாளியின் மகளுக்கும் சொல்ல வேண்டும். நம்ம ஊர் வகுப்புகளில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதாகத் தெரியவில்லை.

ஆகவே நர்சிங் கல்லூரி நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவரையும் மருத்துவமனை அனுபவமுள்ள நர்ஸ் ஒருவரையும் ஒரே வகுப்பில் நிற்க வையுங்கள். கட்டிலில் ஒருவரைப் படுக்கவைத்து ஹேண்ட் ஓவர் கொடுக்கச் சொல்லுங்கள். படுக்கைப்புண், கீழே விழும் அபாயம், வலி அளவு, நீர் அளவு எல்லாவற்றையும் ஜெர்மனில் சார்ட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒருவரை அடுத்த அறையில் உட்காரவைத்து போனில் பேசவிடுங்கள். பி1 முடிந்ததுமே இதைத் தொடங்கிவிடலாம், பி2 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தனியார் ஏஜென்டைப் பார்ப்பதற்கு முன் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். 1978 முதல் இயங்குகிறது. ஏஜென்டிடம் போனால் இந்திய அரசின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். படித்து முடித்த நர்ஸ்களை ஜெர்மனிக்கு எடுப்பதில் நியாயமான ஆள்சேர்ப்புக்கென்று ஜெர்மன் அரசின் முத்திரை ஒன்று உண்டு. அந்த முத்திரை பெற்றவர்கள் ஆள்சேர்ப்புச் செலவை நர்ஸின் தலையில் கட்டக் கூடாது, வேலை கொடுப்பவர்தான் ஏற்கவேண்டும். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் அந்த முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

எந்தக் கல்லூரியாவது அந்த ஹேண்ட் ஓவர் வகுப்பைத் தொடங்க முன்வந்தால், இணைய வழியில் நானும் வருகிறேன். எதிர்முனையில் லேப்காரராகவும் கோபக்கார டாக்டராகவும் ஸ்வாபியப் பாட்டியாகவும் பேசுவேன். என் ஷிப்ட் அட்டவணையை முந்தின மாதமே போட்டுவிடுவார்கள். எனவே எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதை மட்டும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஷ்டுட்கார்ட்டிலிருந்து உங்கள் ஊர்ப் பிள்ளை