மிச்சமான நேரம் யாருக்கு?

நுழையும்முன்
மனிதரின் சுமையைக் குறைக்கவே கருவிகள் தோன்றின. ஆனால், குறைந்த சுமையின் பயன் யாரைச் சேர வேண்டும் என்பதைக் கருவிகள் முடிவு செய்வதில்லை. கிடங்குகளில் உழைக்கும் தானியங்கி எந்திரங்களின் வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்துகிறது.

தோல்வியில் பிறந்த சிந்தனை
இணைய அங்காடியில் ஒருவர் ஒரு பொருளைத் தெரிவு செய்ததும், எங்கோ ஒரு கிடங்கில் அதனை மற்றொருவர் தேடி எடுத்தாக வேண்டும். பல்லாயிரம் வகைப் பொருள்கள் அடுக்கப்பட்ட பெருங்கிடங்குகளில் பணியாளர்கள் அலமாரிகளுக்கு இடையே நாள்தோறும் பல கிலோமீட்டர் நடந்தனர். பொருளை எடுக்கும் நேரத்தைவிட அதனை நோக்கி நடக்கும் நேரமே மிகுதியாக இருந்தது.

அமெரிக்காவில் இணையவழி மளிகை வணிகம் நடத்திய வெப்வேன் நிறுவனம் 2001ஆம் ஆண்டு நொடித்துப்போனது. அங்குப் பணியாற்றிய மிக் மவுண்ட்ஸ், பொருள்களைத் தேடித் திரட்டி அனுப்பும் செலவே இத்தகைய வணிகத்தின் பெருஞ்சுமை எனக் கண்டார். மனிதர் பொருளைத் தேடிச் செல்வதற்கு மாறாக, பொருளே மனிதரை நாடி வந்தால் என்ன என்னும் சிந்தனை அவருக்குத் தோன்றியது. அதன் விளைவாக 2003ஆம் ஆண்டு உருவானதே கீவா சிஸ்டம்ஸ் என்னும் புத்தொழில் நிறுவனம். கணினி அறிவியல் பேராசிரியர் பீட்டர் வர்மனும், கால்பந்தாடும் எந்திரன்களை உருவாக்கிப் போட்டிகளில் வென்ற ரஃபேல்லோ டி ஆண்ட்ரியாவும் அம்முயற்சியில் இணைந்தனர்.

நடக்கும் அலமாரிகள்
கீவாவின் எந்திரம் மனித உருவம் கொண்டதன்று. தரையோடு ஒட்டி ஓடும் தாழ்வான பெட்டி போன்றது. அது அலமாரியின் அடியில் நுழைந்து, அதனைச் சற்றே உயர்த்தி, ஏறத்தாழ 450 கிலோகிராம் சுமையையும் தூக்கிச் செல்லும். தரையில் ஒட்டப்பட்ட குறியீடுகளைக் கேமராவால் படித்துத் தன் இருப்பிடத்தை அறியும். மின்கலம் குறைந்தால் தானே சென்று மின்னேற்றிக்கொள்ளும். அடிக்கடி கேட்கப்படும் பொருள்களைத் தாங்கிய அலமாரிகளைப் பணியாளருக்கு அருகிலும், அரிதாகக் கேட்கப்படுபவற்றைத் தொலைவிலும் மென்பொருள் நிறுத்தி வைக்கும். இவ்வாறு, கிடங்கு தன்னைத்தானே நாள்தோறும் ஒழுங்குபடுத்திக்கொண்டது.

2012ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம் 77.5 கோடி டாலர் கொடுத்துக் கீவாவை வாங்கியது. உலகின் பிற இடங்களிலும் இத்துறை வளர்ந்தது. 2011இல் தொடங்கப்பட்ட கிரேஆரஞ்ச், 2016இல் தொடங்கப்பட்ட அட்வெர்ப் ஆகியன இந்தியாவில் தோன்றிய நிறுவனங்கள்.

எஞ்சிய வேலை
எந்திரங்கள் வேலைவாய்ப்பைப் பறிக்குமா என்பதே பொதுவாக எழுப்பப்படும் வினா. அது தேவையான வினாதான். எனினும், எஞ்சியிருக்கும் வேலை எத்தகையதாக மாறுகிறது என்னும் வினாவும் அதற்கு இணையானது.

அலமாரியைத் தூக்கும் எந்திரத்திற்கு அதிலுள்ள பொருளை எடுப்பது கடினம். ஒரு நூல், ஒரு பொம்மை, ஒரு பிசுக்கோத்துப் பொதி என ஒவ்வொன்றும் வடிவிலும் மென்மையிலும் வேறுபடுகின்றன. 2015ஆம் ஆண்டு சியாட்டில் நகரில், பொருள்களைத் தெரிந்தெடுக்கும் எந்திரங்களுக்கான போட்டியொன்றை அமேசான் நடத்தியது. அதில் வென்ற பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவின் எந்திரம் 20 நிமிடங்களில் 12 பொருள்களுள் பத்தை மட்டுமே சரியாக எடுத்தது. மனிதக் கை அதனை மிகச் சில நிமிடங்களில் முடித்துவிடும். எனவே, நடை எந்திரத்திடம் சென்றது. குனிதல், நிமிர்தல், எட்டி எடுத்தல் ஆகியவை மனிதரிடமே நின்றன.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நடந்து செல்லும் நேரம் களைப்பைத் தந்தது என்பது உண்மை. ஆனால், கைக்கும் முதுகுக்கும் அதுவே சிறிய இடைவெளியாகவும் அமைந்தது. இப்போது ஓர் அலமாரி விலகியதும் அடுத்தது வந்து நிற்கிறது. வேலையின் வேகத்தைப் பணியாளரின் உடல் தீர்மானித்த நிலை மாறி, அலமாரிகளின் வரிசை தீர்மானிக்கும் நிலை ஏற்படுகிறது. மிச்சமான நேரம் ஓய்வாக மாறாமல் கூடுதல் எண்ணிக்கையாக மாறினால், எந்திரம் குறைத்த சுமை வேறு வடிவில் மனிதர் மீதே ஏறும்.

சட்டத்தின் துணை
இதனைத் தடுக்க வழியுண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் 2022ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பெருங்கிடங்குகளின் பணியாளர்களுக்கு அவர்கள் எட்ட வேண்டிய வேலை அளவினை எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உணவு இடைவேளையையும் ஓய்வையும் கழிப்பறைக்குச் செல்வதையும் தடுக்கும் அளவீட்டை அது ஏற்பதில்லை. எந்திரங்களை அச்சட்டம் எதிர்க்கவில்லை. அவற்றின் அருகில் நிற்கும் மனிதருக்கு எல்லை வகுத்துள்ளது.

சட்டம் பின்னால் வந்து செய்ததைப் பொறியியல் முன்னரே செய்திருக்கலாம். எந்திரம் தாங்கும் எடையைக் கணக்கிடுவோர், ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை குனியலாம் என்பதையும் கணக்கிட வேண்டும். மின்கலம் குறைந்த எந்திரம் வரிசையிலிருந்து விலகி மின்னேற்றிக்கொள்ள இடம் வகுத்த அறிவுக்கு, களைத்த மனிதர் சற்றே அமர்வதற்கும் இடம் வகுப்பது அரிதன்று. நாளை எந்திரங்களை வடிவமைக்கப்போகும் மாணவர்கள் இக்கணக்கையும் தம் பாடமாகக் கொள்ளல் வேண்டும். மிச்சமான நேரத்தில் உழைப்பவருக்கும் பங்கு கிடைக்கும்போதுதான் கண்டுபிடிப்பு முழுமை பெறும்.